இருபது அடி வறட்சி

தெய்வாத்தாளின் கிணற்றில் முப்பத்தெட்டு அடியில் தண்ணீர் நின்றது. அது சட்டவிரோதம் என்பது வைகாசி பதினொன்றாம் தேதி காலை ஏழு மணிக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மோட்டார் சுவிட்சைப் போட்டாள், ஓடவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் அரசாங்கம் பொருத்திவிட்டுப் போயிருந்த சின்னத் திரையில் ஒரு வாசகம் நகர்ந்தது: "இக்கிணறு வறண்டுவிட்டது. மோட்டாரின் நலன் கருதி இயக்கம் நிறுத்தப்படுகிறது."

அவள் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது. திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். அதில் அதே வாசகம். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று முடிவு செய்து எனக்குப் போன் போட்டாள்.

எனக்கு ஏன் என்றால், நிலத்தடி நீர்க் கணிப்பு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கிணறுகளுக்குள் டேப் இறக்கியவன் நான். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விட வேண்டியது. இழுத்துப் பார்த்து எதுவரை நனைந்திருக்கிறது என்று படிக்க வேண்டியது. அவ்வளவுதான் உத்தியோகம். இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில் மாடல் வந்ததும் டேப்புகளை எல்லாம் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். என்னையும் அனுப்பப் பார்த்தார்கள். அங்கே இடமில்லை என்று பதில் வந்தது. ஓய்வு வயதை எழுபத்தைந்து ஆக்கியிருந்த காலம் அது. எனவே அலுவலகத்திலேயே கதவு திறக்கும் வேலையில் இருந்தேன்.

மாடல் என்றால் கணக்கு. மாவட்டம் முழுவதையும் அரைக் கிலோமீட்டர்ச் சதுரங்களாகக் கோடு போட்டுப் பிரித்துவிட்டார்கள். இருபதாயிரத்துச் சொச்சம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு மழை, எவ்வளவு ஆவி, பக்கத்துக் கட்டத்திலிருந்து எவ்வளவு கசிவு என்று ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் கணக்குப் போடும். கட்டத்துக்கு ஒரே நீர்மட்டம். அது கிணற்றின் அடித்தரைக்குக் கீழே போனால் மோட்டார் தானாகப் பூட்டிக்கொள்ளும். பூமியை உறிஞ்சித் தீர்த்துவிடக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். நல்ல நோக்கம் உள்ள காரியங்களில்தான் எனக்குப் பயம் அதிகம்.

மாடல் வந்தபின் அலுவலர்கள் யாரும் கிணற்றை எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி போட்டார்கள். ஒரே கிணற்றுக்கு இரண்டு நீர்மட்டம் இருந்தால் கோர்ட்டில் நிற்காதாம். கல்யாணத் தரகர்கள் நட்சத்திரம் கேட்பதற்கு முன்னால் கட்டத்தின் எண்ணைக் கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டே வருடத்தில் ஜனங்கள் பழகிவிட்டார்கள். நம் ஜனங்களுக்குப் பழகாத சங்கடம் என்று ஒன்றை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தெய்வாத்தாளுக்கு மட்டும் பழகுவதற்கு அவகாசமில்லை. நொச்சிக்காட்டுப்புதூரில் அவளுக்கு நூற்று நாற்பது தென்னைமரங்கள். புருஷன் போனபின் தனியாக நின்று வளர்த்தவை. மூன்று வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் குரும்பை உதிரும், இரண்டு மாதத்தில் மட்டை தொங்கும், அப்புறம் அது மரமில்லை, விறகு.

என் வீட்டுப் பரணில் ஒளித்து வைத்திருந்த டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். முப்பத்தெட்டு அடி. மறுநாள் ஒரு பித்தளைக் குடம் நிறையக் கிணற்றுத் தண்ணீருடன் அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். குடத்தை நேராகக் கொண்டுபோய் நித்திலாவின் மேஜைமேல் வைத்தாள்.

மாடலைக் கட்டியவள் நித்திலா. கும்பகோணத்துப் பெண், முப்பத்திரண்டு வயது, கணக்கில் டாக்டர். கிணறு என்ற பொருளை அவள் பார்த்ததே இல்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது அபாண்டம். ஒருமுறை ரயிலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்கம்மணி, இது என்னன்னு பாருங்" என்றாள் தெய்வாத்தாள்.

"தண்ணி."

"எங்கிருந்து மொண்டுட்டு வந்தேன்னு கேளுங்."

"கேட்க மாட்டேம்மா. கேட்டா எழுதணும். எழுதினா இது மாடலுக்கு முரணான திரவம். குடத்தோட ஜப்தி பண்ணணும்."

தெய்வாத்தாள் குடத்தை இறக்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். "என்ற கெணத்துல தண்ணி நிக்குதுங்க. இவருதான் டேப்பு உட்டுப் பாத்தாரு."

நித்திலா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நீங்க கட்டம் நானூத்திப் பதினேழு. அங்க தண்ணி அம்பத்தெட்டு அடியில நிக்குது. உங்க கிணத்து ஆழமே அம்பத்தஞ்சுதான். அதனால வறண்டிருச்சு."

"முப்பத்தெட்டுல நிக்குதுங்கறேன்."

"நிக்கலாம்மா. ஆனா நிக்கக் கூடாது." நித்திலா கேலி செய்யவில்லை. உண்மையாகவே வருத்தத்துடன்தான் சொன்னாள். "கணக்குக்கும் கிணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்க எச்சம்னு சொல்வோம். இருபது அடி. மாவட்டத்துலயே பெரிய எச்சம் உங்க கிணறுதான்."

"என்ற மாமனாரு கல்ல ஒடச்சு வெட்டுன கெணறு அம்மணி அது. அதைப் போயி காக்கா எச்சங்கறீங்க?"

"ஐயோ, அப்படி இல்லம்மா."

"செரி, தண்ணி இல்லைன்னு உங்களுக்கு எந்தப் பரதேசி சொன்னான்?"

"நீங்கதாம்மா சொன்னீங்க" என்று நித்திலா ஒரு பொத்தானை அழுத்தினாள். மாடலுக்கு ஆரம்ப நீர்மட்டம் வேண்டி எடுத்த கிணற்றுக் கணக்கெடுப்பில் பதிவு செய்த குரல் வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெய்வாத்தாளின் குரல்: "எங்கீங் தண்ணி! பாம்பு எறங்குனாக் கூட வாலு நனையாது."

தெய்வாத்தாள் முந்தானையால் குடத்தின் வாயை மூடினாள்.

"ஏனுங்கம்மணி," என்றாள் தெய்வாத்தாள் தணிந்த குரலில், "வந்தவன் கேட்டான், சொன்னேன். அதையெல்லாமா எழுதுவாங்க?"

இதை நித்திலாவுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று யார் கேட்டாலும் இல்லை என்பதுதான் பதில். இருக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும். கண் படாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரன் ஒரு மடை கேட்பான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் மட்டும் உள்ளதைவிட இரண்டு ஆள் உயரம் கூட்டிச் சொல்வோம். அரசாங்கம் கணக்கெடுப்புக்கு ஆள் அனுப்பியதற்குப் பதிலாகச் சம்பந்தம் பேச அனுப்பியிருந்தால் மாவட்டமே மிதந்திருக்கும்.

"அப்ப எல்லாரும் பொய்தானே சொல்லியிருப்பாங்க? மத்த கட்டத்துல எல்லாம் தண்ணி காட்டுதே?"

"மத்தவங்களும் இதேதாங்க சொன்னாங்க. ஆனா சொல்லும்போது பின்னால மோட்டார் ஓடிட்டிருந்துச்சு. வந்தவன் காதால கேட்டு எழுதிட்டுப் போயிட்டான். இந்தம்மா தோட்டத்துல அன்னைக்குக் கரண்ட் இல்லீங்க" என்றேன்.

நித்திலா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கெட்ட பெண் அல்ல. "சரிம்மா. உங்க கட்டத்துல இருபது அடி ஏத்தறேன். எங்க இறக்கட்டும்?"

"எதுக்கு எறக்கோணும்?"

"மொத்தம் மாறக் கூடாது. மாவட்டத்துல இவ்வளவுதான் தண்ணின்னு சட்டசபையில ஓட்டெடுத்து நிறைவேத்தியாச்சு. உங்களுக்கு இருபது அடி வந்தா, அந்த இருபது அடி வறட்சியை வேற ஒரு கட்டம் வாங்கிக்கணும். யாருன்னு நீங்க சொல்லலாம். விதியில இடமிருக்கு."

தெய்வாத்தாள் யோசித்தாள். நேர்மையாகச் சொன்னால் மூன்று விநாடி யோசித்தாள்.

"நானூத்திப் பதினெட்டு யாருதுங்?"

"ராக்கியப்பன்னு போட்டிருக்கு."

"அதுலயே எறக்கிப் போடுங்."

ராக்கியப்பன் அவள் புருஷனின் தம்பி. ஒரு முருங்கைமரம் வேலிக்கு எந்தப் பக்கம் என்ற விஷயத்தில் அண்ணியும் கொழுந்தனும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அன்று மத்தியானமே தெய்வாத்தாளின் மோட்டார் ஓடியது. ராக்கியப்பனின் மோட்டார் நின்றது. அவன் கிணற்றிலும் தண்ணீர் தளும்பிக்கொண்டுதான் இருந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுநாள் அவன் வந்து அந்த வறட்சியைத் தன் மைத்துனனுக்குத் தள்ளினான். மைத்துனன் அதை ஒரு நூற்பாலைக்குத் தள்ளினான். நூற்பாலை ஒரு கல்யாண மண்டபத்துக்கு. மண்டபம் ஒரு கல்லூரிக்கு. ஒரு பெரிய அதிகாரியின் பங்களாப் புல்வெளிக்குக்கூட அது போனது. அங்கே இரண்டு மணி பத்து நிமிடம் இருந்தது. அந்த வறட்சி அதிவேகமாக வெளியேறிய இடம் அதுதான். ஒரு மாதத்தில் தெய்வாத்தாளின் இருபது அடி முப்பத்தாறு கட்டங்கள் சுற்றியது. முப்பத்தேழாவது கட்டத்தில் போய் உட்கார்ந்தது. அதற்குமேல் நகரவில்லை.

நித்திலாவின் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. "கணக்கு நிலைபெற்றிருச்சு" என்றாள். ஒரு கணக்கு அங்குமிங்கும் அலையாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது சரியான விடை என்று அர்த்தமாம். அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

தெய்வாத்தாள் தோட்டத்தில் மடை திருப்புவது மருதி என்ற பெண். ஊருக்குக் கிழக்கே காலனியில் வீடு. பதினான்கு வருடமாக அங்கே வேலை செய்கிறாள். எந்தத் தென்னை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று மரம் மரமாகத் தெரியும். ஆனால் அந்தக் கிணற்றின் முதல் படியில்கூட அவள் கால் பட்டதில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் மேலே தொட்டியோரம் நிற்பாள். தெய்வாத்தாள் குழாயைத் தூக்கி அவள் சொம்பில் ஊற்றுவாள். அது அந்த ஊரில் யாரும் எழுதி வைக்காத விதி. எழுதி வைத்த விதிகளைவிட ஒழுங்காக நடந்தது.

அந்த மருதி நான்கு நாளாக வரவில்லை. மோட்டார் ஓடுகிறது, மடை திருப்ப ஆளில்லை. தெய்வாத்தாள் கோபத்துடன் காலனிக்கே போனாள். பொது போர்வெல்லைச் சுற்றிக் காலிக் குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தன. மருதி ஒரு குடத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மருதி, மகாராணி தோட்டத்துப் பக்கமே காணோம்?"

"போர் பூட்டிக்கிச்சுங் ஆத்தா. உப்புத் தண்ணியா இருந்தாலும் வந்துட்டிருந்துச்சு. இப்ப அதுவுமில்ல. நாலு நாளைக்கு ஒருக்கா லாரி வருது. எப்ப வருமின்னு லாரிக்கே தெரியாது. உட்டுட்டு எப்படிங் வர்றது?"

"ஆபீசுல போயிச் சொல்றது? எல்லாருந்தான் போயி மாத்தி வாங்கறாங்க."

"போனமுங். பட்டா இருக்கறவங்கதான் மாத்த முடியுமாம். போர் பொறம்போக்குல நிக்குது. அதுக்கு யாரு பட்டா?" மருதி எழுந்து போர்வெல் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். "ஆத்தா, இதைச் சித்தப் படிச்சனுங்க. கட்டம் ஐந்நூற்று அறுபத்தொன்று, இருபது அடி வறட்சி. முன்பு வைத்திருந்தோர்னு முப்பத்தாறு பேரு போட்டிருக்குது. மொத உரிமையாளர்னு இருக்கற பேரு நீங்கதானுங்களா?"

தெய்வாத்தாள் தாளின் பக்கம் திரும்பவில்லை. "அதே பேருல வேற எவளாச்சும் இருப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அவள் என்னிடம் சொன்னது வேறு: "தொண்ணூறு வூட்டுச் சனம் காலிக் கொடத்த வெச்சுட்டு உக்காந்திருக்குது. அதுங்க மொகத்துக்கு நேரா என்ற பேர ஒட்டி வெச்சிருக்கறானுங்களே! நாளைக்கு நான் எப்படி அந்த வழியா போவேன்?"

"இருபது அடியத் திருப்பிக் குடுங்" என்றாள் நித்திலாவிடம்.

நித்திலாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. வறட்சி கொடுக்க வந்தவர்களைத்தான் பார்த்திருந்தாள். கேட்டு வந்தவர் யாருமில்லை. அதற்குப் படிவமும் இல்லை. "நிலைபெற்ற கணக்கும்மா. கலைக்கச் சொல்றீங்க. உங்க மோட்டார் மறுபடி பூட்டிக்கும்."

"பூட்டட்டும்."

"மரம்?"

தெய்வாத்தாள் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் போட்டாள்.

காலனி போரில் உப்புத் தண்ணீர் திரும்ப வந்தது. தெய்வாத்தாளின் திரையில் "இக்கிணறு வறண்டுவிட்டது" என்ற வாசகமும் திரும்ப வந்தது. மருதி வேலைக்கு வந்தாள். திருப்புவதற்கு மடையில் தண்ணீர் இல்லை. இரண்டு பேரும் தொட்டிமேட்டில் உட்கார்ந்து மரங்களைப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் குரும்பைகள் கோலிக்குண்டுபோலக் கொட்டின. இரண்டாம் மாதம் கீழ்மட்டைகள் தொங்கத் தொடங்கின. மொண்டு ஊற்றச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குத் திருப்பூரில் வளைகாப்பு.

"ஆத்தா, ஒண்ணு கேக்கறனுங்" என்றாள் மருதி. "கவர்மென்ட்டு கெணத்துல தண்ணி இல்லைங்குது. நீங்களும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டீங்க. தண்ணியே இல்லாத கெணத்துல யாரு எறங்குனா என்னங்?"

தெய்வாத்தாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தன பேரு வருவீங்க?"

"நாப்பது பொம்பளைங்க வருவாங்க. படிக்கு ஒருத்தி நின்னு கைமாத்துனா வெயிலுக்கு முன்னால முடிச்சுப்போடலாம். மரத்துக்கு ரெண்டு கொடம். போகும்போது ஆளுக்கு ரெண்டு கொடம் நல்ல தண்ணி வூட்டுக்கு."

"ஒண்ணு."

"ரெண்டுங்."

"இல்லாத தண்ணிக்குப் பேரம் பேசறா பாரு" என்றாள் தெய்வாத்தாள். இரண்டு என்று முடிவானது.

பூட்டு மோட்டாருக்குத்தான். படிக்கட்டைப் பூட்ட வேண்டும் என்று மாடலுக்குத் தோன்றவில்லை. விடிந்ததும் நாற்பது பெண்கள் கிணற்றுப் படிகளில் மேலிருந்து கீழ்வரை நின்றார்கள். குடங்கள் நிறைந்து ஏறின, காலியாக இறங்கின. முதல் நாள் சத்தமில்லை. நான்காம் நாள் அடிப்படியில் நின்றவள் மேல்படியில் நின்றவளின் புருஷனைப் பற்றி ஏதோ சொல்ல, கிணறே சிரித்தது. பத்தாம் நாள் மட்டைகள் நிமிர்ந்தன.

பதினொன்றாம் நாள் ராக்கியப்பன் வேலியோரம் வந்து நின்றான். பதினோரு வருடத்துக்குப் பிறகு அண்ணியுடன் பேசினான்.

"அண்ணி, கெணத்துக்குள்ள யாரெல்லாம் எறங்கறாங்கன்னு பாத்தீங்களா? எங்கப்பன் வெட்டுன கெணறு. நாளைக்கு நம்ம சனம் அந்தத் தண்ணியத் தொடுமா?"

"எந்தத் தண்ணி? ரெக்கார்டுல சொட்டு இல்ல. போயிப் பாருங். இல்லாத தண்ணிக்கு எங்கிருந்து தீட்டு வரும்?"

அவன் போய்ப் பார்த்தான். பார்த்ததோடு நிற்காமல், மேற்படி கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, அதை அரசாங்கம் உடனே அங்கீகரிக்க வேண்டும் என்று மனுவும் எழுதினான். அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தது எங்கள் அலுவலக வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. மேலிடம் அசைந்துவிட்டது. தனி உத்தரவு போட்டு நித்திலாவையே நேரில் போய்க் கிணற்றைப் பார்க்கச் சொன்னார்கள். களஆய்வை ஒழித்துப் பல வருடம் ஆகியிருந்ததால் பழைய படிவம்தான் கிடைத்தது. காகிதப் படிவம். மைப்பேனாவால் நிரப்ப வேண்டும். பேனா என்னிடம் இருந்தது.

நாங்கள் போனபோது காலை எட்டு மணி. குடங்கள் ஏறிக்கொண்டிருந்தன. நித்திலா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ரயில் வேகத்தில் இல்லாமல் நின்று பார்த்தாள். எச்சம் என்று தான் எழுதியது கீழே நாற்பதடி அகலத்தில் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது.

"நல்லாப் பாருங்கம்மா!" என்றான் ராக்கியப்பன். "கண்ணுக்கு நேரா நிக்குது. இருக்குதுன்னு எழுதுங்க. மோட்டாரு தானா ஓடும். அப்பறம் இவங்க எதுக்கு எறங்கோணும்?"

"எழுதலாம் சார். எழுதினா இருபது அடி வறட்சி மறுபடி வெளிய வரும். அதை எங்க இறக்கட்டும்?"

"முன்ன எங்க இருந்துச்சோ அங்கயே எறக்கிப் போடுங்க. காலனிதானுங்க? அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பந்தியில் இலை போட இடம் காட்டுவதுபோலச் சொன்னான். படிகளில் குடங்கள் நின்றன. நாற்பது பெண்களும் மேலே பார்த்தார்கள்.

நித்திலா படிவத்தைப் பிரித்தாள். ஒரே ஒரு கேள்விதான் அதில். நீர் உளதா, இலதா. பிறகு மேல்படியில் நின்ற மருதியிடம், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்றாள்.

மருதி ஒருகணம் தெய்வாத்தாளைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த குடத்தைச் சாய்த்தாள். நித்திலா இரண்டு கைகளையும் குவித்து ஏந்திக் குடித்தாள். முழங்கை வழியாகச் சட்டையெல்லாம் வழிந்தது. நிறுத்திப் பெருமூச்சு விட்டு, மறுபடி ஏந்திக் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து பேனாவை வாங்கினாள்.

அந்தப் படிவம் கோப்பில் இன்னும் இருக்கிறது. கட்டம் 417, நேரில் பார்வையிடப்பட்டது, நீர் இலது என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறாள். மேலிடத்தில் ஆட்சேபணை எதுவும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு எழுதுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். இலது என்ற இடத்தில் மட்டும் மை பரவியிருக்கிறது.